எது ஒக்கும், எது ஒக்காது: ஓய்வுநாள் பள்ளியில் உவமை

தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சங்கடம் இருக்கிறது, பெரியவர்கள் யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. வார நாளில் பள்ளிக்கூடத்தில் தமிழம்மா 'உவமை' என்றால் மலர் போன்ற முகம், முத்துப் போன்ற பல் என்று சொல்லிக்கொடுக்கிறார். நடுவில் போல, போன்ற, நிகர்த்த என்று ஏதாவது ஓர் உருபு வரும், வராவிட்டால் அது தொகை, பரீட்சையில் இரண்டு மார்க். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தால் அதே சொல்லுக்குக் கதை என்று பொருள். விதைக்கிறவன் உவமை, காணாமற்போன ஆட்டின் உவமை, பத்துக் கன்னிகைகள் உவமை. பிள்ளை என்ன செய்யும்? இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடிவிடுகிறது. தமிழம்மா சொன்னது பரீட்சைக்கு, இங்கே சொல்வது பரலோகத்துக்கு. ஒரு டப்பாவில் இருப்பதை வைத்து இன்னொன்றைத் திறக்கலாம் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் இரண்டும் ஒன்றுதான். சுவிசேஷங்களில் உவமை என்று வருகிற இடங்களில் கிரேக்கத்தில் பெரும்பாலும் 'பரபொலே' என்ற சொல் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் 'பக்கத்தில் வைப்பது'. அதற்குப் பின்னால் நிற்கிற எபிரெயச் சொல் 'மாஷால்'. நீதிமொழிகள் புத்தகத்துக்கு எபிரெயத்தில் உள்ள பெயரும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். பழமொழி, விடுகதை, ஒப்புமை, கதை எல்லாவற்றுக்கும் அது ஒரே பை. "வைத்தியனே, உன்னைத்தானே குணமாக்கிக்கொள்" என்று லூக்கா 4ஆம் அதிகாரத்தில் வருவதைத் தமிழில் 'பழமொழி' என்று போட்டிருக்கிறார்கள், கிரேக்கத்தில் அங்கேயும் பரபொலேதான். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார். தமிழம்மா சொல்வதும் அதைத்தானே?

நான் தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு சபையில் பல வருஷமாக ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன், எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை உள்ள பிள்ளைகள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த வேலைக்கு நம்மிடம் இருக்கிற நல்ல கருவி எந்தச் சபையும் அச்சடித்த பாடப்புத்தகத்தில் இல்லை, தொல்காப்பியத்தில் இருக்கிறது. உவமவியலின் முதல் சூத்திரம்: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்." ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடுகிறவன் நான்கில் ஏதோ ஒன்றை வைத்துத்தான் ஒப்பிடுகிறான். அது செய்கிற செயல் வினை. அதனால் கிடைக்கிற பலன் பயன். வடிவமும் அளவும் மெய். நிறம் உரு. அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளை இதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துக்கொள்ளும், நான் பார்த்திருக்கிறேன். புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். துடி இடை என்றால் மெய். பவள வாய் என்றால் உரு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு வேதாகமத்துக்குப் போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். "அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார், அவர் செட்டைகளின் கீழே அடைக்கலம் புகுவாய்" என்று 91ஆம் சங்கீதம். மனப்பாட வசனமாக இதை ஒப்பிக்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது, ஆனால் அப்படியானால் தேவனுக்கு இறகு இருக்குமா என்ற கேள்வி பாதிப் பேருக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், கேட்டால் டீச்சர் திட்டுவாரோ என்று கேட்க மாட்டார்கள். மெய்யா, உருவா, வினையா என்று கேளுங்கள். பருந்து வட்டமிடும்போது தாய்க்கோழி என்ன செய்யும் என்று வீட்டில் கோழி வளர்க்கிற பிள்ளை ஒன்று உடனே சொல்லிவிடும். வினை, அண்ணே. அப்படியானால் இறகு? இறகு இல்லை, மூடுறதுதான். முடிந்தது. அதே பிள்ளை மத்தேயு 23ல் இயேசு எருசலேமைப் பார்த்து, கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள எத்தனையோ தரம் மனதாயிருந்தேன், உங்களுக்கு மனதில்லாமற்போயிற்று என்று சொல்கிற இடத்துக்கு வரும்போது, நாம் விளக்கவே தேவையில்லை. குஞ்சு வரமாட்டேன் என்றால் கோழிக்கு எப்படி இருக்கும் என்று அதுவே யோசிக்கும்.

சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு முழிப்பது பிள்ளைகளின் குறை மட்டும் இல்லை. யோவான் சுவிசேஷத்தைத் திறந்தால் பெரியவர்கள் வரிசையாக நின்று முழிக்கிறார்கள். மறுபடியும் பிறக்க வேண்டும் என்றால், நிக்கொதேமு, அவ்வளவு படித்த மனுஷன், தாயின் கர்ப்பத்தில் இரண்டாந்தரம் நுழைந்து பிறக்கக்கூடுமோ என்கிறான். ஜீவத்தண்ணீர் என்றால் சமாரியப் பெண், ஆண்டவரே, மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே என்கிறாள். இந்த ஆலயத்தை இடித்துப்போடுங்கள், மூன்று நாளில் எழுப்புவேன் என்றால், இதைக் கட்ட 46 வருஷம் ஆயிற்றே என்று கணக்குச் சொல்கிறார்கள். மத்தேயுவில் சீஷர்கள் இன்னும் மோசம். பரிசேயருடைய புளித்தமாவைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்றதும், ஐயோ அப்பம் கொண்டுவர மறந்துவிட்டோமே, அதைத்தான் சொல்கிறார் என்று தங்களுக்குள்ளே பேசிக்கொள்கிறார்கள். இந்த இடங்களை ஒரே வகுப்பில் வரிசையாக வாசித்துக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பேதுரு மாதிரி ஆளே தப்பாகப் புரிந்துகொண்டான் என்று தெரிந்த பிறகு, எனக்கும் புரியலை என்று கையைத் தூக்குவதற்கு வெட்கம் இருக்காது. கடைசியில் யோவான் 16ல் அவர்கள் பெருமூச்சு விட்டு, இதோ, இப்பொழுது நீர் உவமையாய்ப் பேசாமல் வெளிப்படையாய்ப் பேசுகிறீர் என்கிறார்கள், பாவம்.

எந்த வயதில் எது புரியும் என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. ஹோவர்ட் கார்ட்னர், எல்லன் வின்னர் ஆகியோர் 1976ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்கள். சிறையில் பல ஆண்டு வேலை பார்த்த காவலர் அசைக்க முடியாத பாறையாகிவிட்டார், இதற்கு என்ன அர்த்தம்? சின்னப் பிள்ளைகள் சிலர் ராஜா மந்திரம் போட்டு அவரைப் பாறையாக்கிவிட்டார் என்றார்கள், சிலர் சிறையின் கல்சுவரோடு முடிச்சுப் போட்டார்கள். மனசு இறுகிப்போனது என்ற பொருள் பத்து வயதை ஒட்டித்தான் வர ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் ரொனால்ட் கோல்ட்மன் என்பவர் 1964ல் இன்னும் ஒரு படி மேலே போய், எரிகிற முட்செடி, செங்கடல், வனாந்தரச் சோதனை ஆகிய கதைகளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, வேதாகமத்தின் பெரும்பகுதி சின்னப் பிள்ளைகளுக்கு உகந்ததே இல்லை, கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்றார். அவர் கவனித்தது சரி. தீர்ப்பைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை பிறந்ததிலிருந்து உருவகத்துக்குள்தான் கிடக்கிறது. தங்கமே, ராசா, கண்ணு என்று கொஞ்சுகிறோம். அவனுக்குக் கை நீளம், இவளுக்கு வாய் நீளம், அவருக்குத் தலைக்கனம், எனக்கு வயிறு எரியுது. மூன்று வயதுப் பிள்ளையை 'தங்கம்' என்று கூப்பிட்டால் அது நகைக்கடைக்கு ஓடுவதில்லை, மடியில் வந்து உட்காருகிறது. விளக்கிச் சொல்ல வராததை அது ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. அப்புறம் விளக்கத்துக்கு என்ன அவசரம்?

கண்ணு என்றதும் நினைவு வருகிறது. "கண்மணியைப்போல என்னைக் காத்தருளும்" என்று 17ஆம் சங்கீதத்தில் வருகிற இடத்தில் எபிரெயச் சொல் 'ஈஷோன்', அதற்குச் சின்ன மனிதன் என்று பொருள் சொல்கிறார்கள். ஒருவர் கண்ணுக்குள் கிட்டப்போய்ப் பார்த்தால் நம் உருவம் குட்டியாகத் தெரியுமே, அது. நாம் அதைப் பாவை என்கிறோம், பொம்மை. "கருமணியிற் பாவாய்நீ போதாயாம்" என்று வள்ளுவர் காதலனைப் பேசவைப்பதும் அந்தப் பொம்மையை வைத்துத்தான். இரண்டிரண்டு பிள்ளைகளாக எதிரெதிரே உட்காரவைத்து, அவன் கண்ணுக்குள் நீ தெரிகிறாயா பார் என்று சொல்லிவிட்டு இந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள். ஒருவருடைய கண்ணுக்குள் நாம் குட்டியாக நிற்க வேண்டுமென்றால் எவ்வளவு கிட்டே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பெரிய சிக்கல் வேறொன்று. உவமானம், அதாவது ஒப்பாகக் காட்டுகிற பொருள், தெரியாவிட்டால் உவமேயம், சொல்ல வந்த பொருள், கிடைக்காது. முதலாம் சங்கீதத்தில் துன்மார்க்கர் காற்றுப் பறக்கடிக்கும் பதரைப்போல் இருக்கிறார்கள். என் பாட்டி களத்தில் நின்று நெல் தூற்றியவள், அவளுக்கு இந்த வரி வெறும் கண்ணால் பார்த்த காட்சி. இன்றைய பிள்ளைக்குப் பதர் என்றால் என்ன? அரிசி பாக்கெட்டில் வருகிறது. ஒரு முறம் நெல்லும் கொஞ்சம் பதரும் கொண்டுவந்து, மின்விசிறிக்கு எதிரே நின்று தூற்றிக் காட்டினேன். வேதக்கோயில் உள்ளே குப்பை போட்டேன் என்று கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினேன், அது வேறு. எது காலடியில் விழுகிறது, எது பறக்கிறது, ஏன்? எடை. இங்கே ஒப்புமை எடையில் இருக்கிறது என்று ஒரு பெண் பிள்ளை சொன்னாள், அதற்கப்புறம் நான் பேசவில்லை.

உப்பு எங்கள் ஊரில் நேர்மாறான பிரச்சினை. பிள்ளைகளுக்கு உப்பு என்னைவிட நன்றாகத் தெரியும், பாதிப் பேர் வீட்டில் யாராவது அளத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள், உப்பானது சாரமற்றுப்போனால், எதினால் சாரமாக்கப்படும்?" என்று வாசித்ததும் ஒருவன் எழுந்து, அண்ணே, உப்பு எப்படிச் சாரமில்லாமல் போகும், மழை பெய்தால் கரையும், அவ்வளவுதான், கரிப்பு எங்கேயும் போகாதே என்றான். அவன் சொன்னது வேதியியல்படி சரி. அவனைத் திட்டி உட்காரவைத்திருந்தால் அந்த வசனத்தை அவன் வாழ்நாள் முழுக்க நம்பியிருக்க மாட்டான். சவக்கடல் பக்கத்தில் எடுத்த உப்பு நம் அளத்து உப்பு மாதிரி இல்லை, ஜிப்சம் போன்ற வேறு தாதுக்கள் நிறையக் கலந்திருக்கும், ஈரத்தில் உப்பு கரைந்து போனபின் மிச்சம் கிடப்பது பார்வைக்கு உப்பு மாதிரியே இருக்கும், நாக்கில் வைத்தால் ஒன்றுமில்லை என்று விளக்கவுரையாளர்கள் சொல்வார்கள். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. பார்க்க உப்பு, ஆனா உப்பு இல்லை, அப்படித்தானே? உரு இருக்கு, பயன் இல்லை! நான் இரண்டு வாரம் முன்பு சொல்லிக்கொடுத்த சொல்லை வைத்தே எனக்குப் பதில் சொன்னான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. குப்பைக்கு உப்பே போகிறது என்பது இயேசு சொன்னது. உப்பு என்ன செய்யும் என்று கேட்டால் உள்ளூர்ப் பிள்ளை குழம்புக்கு ருசி என்று சொல்லும், கடற்கரைப் பிள்ளை கருவாடு என்று சொல்லும். கெட்டுப்போகாமல் காப்பது. இரண்டும் பயன், இரண்டையும் இருக்க விடுங்கள், ஒன்றுதான் சரி என்று அடித்துச் சொல்ல அந்த வசனத்திலேயே இடமில்லை.

மொழிபெயர்த்தவர்களே இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். ஏசாயா 1:18, பழைய திருப்புதலில், 1871ல் வந்த மொழிபெயர்ப்பில், "உங்கள் பாவங்கள் சிவேரென்றிருந்தாலும் உறைந்த மழையைப்போல் வெண்மையாகும், அவைகள் இரத்தாம்பரச் சிவப்பாயிருந்தாலும் பஞ்சைப்போலாகும்." மூலத்தில் இருப்பது வானத்திலிருந்து விழுகிற வெண்பனி. தமிழன் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கிற துளியை நினைப்பான், அது வெள்ளையும் இல்லை. அதனால் 'உறைந்த மழை' என்று ஒன்றைச் செய்தார்கள். மூலத்தில் அடுத்து வருவது ஆட்டு உரோமம். நம் ஊர்ச் செம்மறியின் உரோமம் பலதும் கறுப்பு, பழுப்பு. அதைப் போல ஆகும் என்றால் ஆறுதலாகவே இருக்காது. ஆகவே பஞ்சு. புதிய மொழிபெயர்ப்புகளில் மழை போய்ப் பனி வந்துவிட்டது, சினிமாவில் பார்த்துப் பார்த்து நமக்கும் இப்போது அது பழகிவிட்டது. ஆனாலும் எனக்கு உறைந்த மழைதான் பிடித்திருக்கிறது. உரு ஒன்றுதான் இங்கே ஒப்புமை, வெண்மை, அதைக் கொண்டுசேர்ப்பதற்காக அந்த மனிதர்கள் பொருளையே மாற்றத் துணிந்திருக்கிறார்கள். இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் உவமை என்றால் என்ன என்பதும் மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்பதும் சேர்த்துப் புரியும்.

ஒரே பொருள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் உவமையாக வருவதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 1 பேதுருவில் பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம். வெளிப்படுத்தின விசேஷத்தில் கிறிஸ்து யூதா கோத்திரத்துச் சிங்கம். புளித்தமா பரிசேயரின் உபதேசம், அதே மத்தேயுவில் மூன்று அதிகாரத்துக்கு முன்னால் பரலோகராஜ்யம். ஏதேனில் சர்ப்பம் வஞ்சகன், மத்தேயு 10ல் சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களாயிருங்கள். (அந்த 'வினா' கேள்வி இல்லை, விவேகம், இதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாம்பு என்ன கேள்வி கேட்டது என்று வரும்.) சிங்கம் என்றால் பிசாசு, மாவு என்றால் பாவம் என்று அகராதி மாதிரி எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணவைக்கிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அது ஆபத்து. சிங்கத்தின் எந்த வினை? இரைதேடிச் சுற்றுவதா, ஜெயித்து நிற்பதா? மாவில் எது? கொஞ்சம் போட்டாலும் பிசைந்த மாவு முழுக்கப் பரவுவது. நல்லதும் அப்படிப் பரவும், கெட்டதும் அப்படிப் பரவும். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு இது பெரிய விஷயமே இல்லை.

ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வேதாகமத்தில் ஆடு என்றால் மேய்ப்பனின் சத்தம் அறிந்த, அவன் பின்னால் போகிற செல்லப் பிராணி. நம் பேச்சில் செம்மறியாட்டுக் கூட்டம் என்றால் யோசிக்காமல் முன்னால் போகிறதின் பின்னால் விழுகிற கும்பல். நாமெல்லாம் கர்த்தருடைய ஆடுகள் என்றதும் பெரிய பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், காரணம் அதுதான். இன்னொன்று, யோவான் 10ல் மேய்ப்பன் ஆடுகளுக்கு முன்பாக நடந்துபோகிறான். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்காரர் பெரும்பாலும் கம்போடு பின்னால் வருவார். முன்னால் நடப்பதற்கும் பின்னாலிருந்து ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

சரி, குறைவாகச் சொல்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், அதிகமாகச் சொல்வதும் உண்டு. கள்ளர் கையில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் ஒருவன் சத்திரத்தில் சேர்த்துக் காப்பாற்றுகிற நல்ல சமாரியன் கதைக்கு, பழங்காலச் சபை அறிஞர் அகஸ்டின் எழுதிய விளக்கம் புகழ்பெற்றது. அடிபட்டவன் ஆதாம், எரிகோ சந்திரன், அதாவது நம் சாவுக்குரிய தன்மை, கள்ளர் பிசாசும் அவன் தூதர்களும், சத்திரம் சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலன் பவுல். அகஸ்டின் பெரிய மனிதர், அவருக்குப் பொருந்தியது. ஆனால் "எனக்குப் பிறன் யார்?" என்று கேட்டவனுக்குச் சொன்ன கதை அது. பதில் சொன்ன பிறகு இயேசு, நீயும் போய் அந்தப்படியே செய் என்கிறார், சத்திரக்காரன் யார் கண்டுபிடி என்று சொல்லவில்லை. நம் ஆசிரியர்கள் இன்றும் அந்தக் கழுதை எதைக் குறிக்கிறது என்று வினாத்தாள் போடுகிறார்கள். பிள்ளைகளும் எதையாவது எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். விதைக்கிறவன் உவமையில் இயேசுவே ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறார், உண்மைதான். பல உவமைகளில் அப்படிச் செய்யவில்லை என்பதும் உண்மை.

இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போய்ச் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழை ஒருவன் வளர்த்த ஒரே ஒரு ஆட்டுக்குட்டியை, மந்தை மந்தையாக ஆடு வைத்திருந்த ஐசுவரியவான் பிடித்து விருந்து வைக்கிறான். தாவீதுக்குக் கோபம் தலைக்கேறுகிறது, அவன் மரணத்துக்குப் பாத்திரன் என்கிறான். "நீயே அந்த மனுஷன்." தமிழ் இலக்கணத்தில் இதற்குப் பிறிதுமொழிதல் என்று பேர், சொல்ல வந்ததை மறைத்து வேறொன்றைச் சொல்லி அதை உணரவைப்பது. ராஜாவே, நீர் செய்தது தப்பு என்று நேரே சொல்லியிருந்தால் தாவீது பத்து நியாயம் சொல்லியிருப்பான். கதை அவனைக் காவல் இல்லாத பக்கமாக வந்து பிடித்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். யாராவது ஒரு பிள்ளை முகம் மாறும்.

இரண்டு இடங்களில் நான் ரொம்ப எச்சரிக்கையாக இருக்கிறேன். ஒன்று சாவு. நம் சபைகளில் கல்லறையிலும் சுவரொட்டியிலும் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போடுவது வழக்கம். தமிழுக்கும் இது புதிதில்லை, துஞ்சினார் என்பதை மங்கல வழக்குக்கு உதாரணமாக இலக்கணமே காட்டுகிறது, "உறங்குவது போலுஞ் சாக்காடு" என்று குறளும் சொல்கிறது. ஆனால் தாத்தாவை எடுத்துக்கொண்டு போனபோது தாத்தா தூங்குகிறார் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், எங்கள் சபையில் இருந்த ஆறு வயதுச் சிறுமி ஒரு மாதத்துக்கு இரவில் கண்ணை மூட மறுத்தாள். தூங்கினால் தன்னையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்று இயேசு சொன்னதும் சீஷர்கள், தூங்கினால் சுகமாகிவிடுவானே என்றார்கள். அப்போது அவர் என்ன செய்தார்? உவமையை விட்டுவிட்டு, லாசரு மரித்துப்போனான் என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த ஒரு வரியை எல்லாப் பெற்றோருக்கும் காட்ட வேண்டும் போலிருக்கிறது. முதலில் செத்துப்போனார் என்று சொல்லுங்கள். தூக்கம் ஏன் என்பதை, எழுந்திருப்போம் என்ற நம்பிக்கையை, அப்புறம் சொல்லலாம்.

இன்னொன்று பிதா. குடித்துவிட்டு வந்து அடிக்கிற தகப்பன் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு, தேவன் உன் தகப்பன் மாதிரி என்று சொல்லி ஆரம்பித்தால் என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்றுதான் நாம் ஜெபிக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முதல் வாசல் அதுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்று ஏசாயா 66ல் கர்த்தரே சொல்கிறார். கன்மலை இருக்கிறது, கோட்டை இருக்கிறது, கோழி இருக்கிறது. வேதாகமம் ஒரே உவமையில் நிற்காமல் இத்தனை கொடுத்திருப்பதே எந்த ஒன்றும் முழுவதும் ஒக்காது என்பதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எது உவமை என்று முடிவு செய்வதில் பெரியவர்களே அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டாம். "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது." 1529ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லுத்தரும் ஸ்விங்க்லியும் இந்த வரிக்காக உட்கார்ந்து பேசினார்கள். இங்கே 'இருக்கிறது' என்பதற்குக் 'குறிக்கிறது' என்றுதான் பொருள் என்றார் ஸ்விங்க்லி. லுத்தர் மேசைமேல் சாக்குக் கட்டியால் அந்த வார்த்தையை எழுதிவைத்துவிட்டு அசைய மறுத்தார் என்பார்கள். அந்த வரியில் மட்டும் ஒன்றும் கூடிவரவில்லை. எங்கள் ஊரில் ஒரே தெருவில் கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எல்லோரும் இருக்கிறார்கள், பிள்ளைகள் ஒன்றாக விளையாடுகிறார்கள். ஆகவே திருவிருந்தைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தால் நான் 'அது உவமைதானே' என்று ஒரு நாளும் சொல்வதில்லை. நம் சபை இப்படி வாசிக்கிறது, உன் சிநேகிதன் வீட்டில் அப்படி வாசிக்கிறார்கள் என்று சொல்வேன். எனக்கு அந்த 'தானே'தான் பிடிக்காது. உவமை என்றால் பொய், ஒப்புக்குச் சொன்னது என்ற எண்ணம் அந்த ஒரு சொல்லில் பிள்ளைக்குள் போய்விடும், அப்புறம் பத்து வருஷம் கழித்து எல்லாமே உவமைதானே என்று அவன் திருப்பிக் கேட்பான்.

கடைசியாக ஒன்று செய்யச் சொல்வேன், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் இதற்கு நேரம் கிடைக்கும். கர்த்தர் என் மேய்ப்பர் என்று தாவீது எழுதினான், அவன் ஆடு மேய்த்தவன். நீ ஆடு மேய்த்ததில்லை. கர்த்தர் என் யார், என்ன? நீயே எழுது, எதில் ஒக்கும் என்று எழுது, எதில் ஒக்காது என்றும் எழுது. இரண்டாவது பாதிதான் முக்கியம். ஒருத்தி 'கர்த்தர் என் கலங்கரை விளக்கம்' என்று எழுதினாள், சரி, அது பாட்டில் கேட்டது. இன்னொருத்தி, 'கர்த்தர் என் ஆச்சி'. எதில் ஒக்கும்? நான் வருகிற வரைக்கும் சாப்பிடாமல் இருப்பாள். எதில் ஒக்காது? ஆச்சிக்குக் காது கேட்காது. வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். பின்பெஞ்சில் இருந்த ஒருவன், பன்னிரண்டு வயது, மனப்பாட வசனம் ஒரு நாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை, 'கர்த்தர் என் செல்போன் டவர்' என்று எழுதியிருந்தான். நான் எங்கே போனாலும் அவர் நின்ற இடத்திலிருந்தே என்னோடு பேசுவார், நான் போனை அணைத்தாலும் அவர் அணைய மாட்டார், இதில் ஒக்கும். எதில் ஒக்காது என்ற இடம் காலியாக இருந்தது. என்னடா, யோசிக்கலையா என்றேன். எழுந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"எங்க ஊர்ல ரொம்ப நேரம் கரண்ட் போனா டவரும் போயிரும், அண்ணே. அது மட்டும் ஒக்காது."